தாஷ்கண்டில் ஊற்றிய தேத்தண்ணீர்

சிட்னி டூங்கபியில் எங்கள் வீட்டுக்கு வந்த எவரும் அரைக் கோப்பைத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனதாகச் சரித்திரம் கிடையாது. விளிம்பு வரை ஊற்றுவேன். தட்டில் கொஞ்சம் சிந்தினாலும் பாதகமில்லை, குறையக் கொடுத்தாள் என்ற பேர் மட்டும் வரக்கூடாது. இதைத் தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அந்தப் பெருமையையும் ஒரு பெட்டி இலங்கைத் தேயிலையையும் எடுத்துக்கொண்டுதான் நான் தாஷ்கண்டுக்குப் போனேன்.

போனது சுற்றிப் பார்க்க அல்ல, சம்பந்தம் பேச. எங்கள் ஒரே மகள் அபி மெல்பேணில், நோபல் பார்க்கில் உள்ள மருந்துக்கடை ஒன்றில் மருந்தாளராக இருக்கிறாள். தலையிடி மாத்திரை வாங்க வந்த ஜசூர் என்ற உஸ்பெக் பொடியன், தலையிடி மாறிய பிறகும் வந்துகொண்டே இருந்திருக்கிறான். படிக்க வந்து, படித்து முடித்து, நல்ல வேலையில் இருப்பவன். பார்த்தவுடன் எனக்குப் பிடித்தது. ஒரேயொரு குறைதான். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது நான் கொடுத்த தேத்தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு எழும்பி ஓடிவிட்டான். வேலைப் பிள்ளை, நேரமில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களுக்குச் சொன்னபோது எல்லார் முகமும் ஒரு மாதிரிப் போனது. சிட்னியிலேயே லிட்கம்மில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அக்கா வாய்விட்டே கேட்டாள். வேறு இனம், வேறு சமயம், தெரியாத தேசம், யோசித்துத்தான் செய்கிறாயா என்று. “தெரியாத தேசத்துக்கு வந்துதானே அக்கா நாங்கள் எல்லாரும் சீவிக்கிறம்” என்றேன். நல்ல பதில்தான். ஆனால் அப்படிப் பதில் சொன்னவள் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வர முடியாது. சம்பந்தத்தோடுதான் வர வேண்டும்.

அவர்கள் வழக்கத்தில் நிச்சயதார்த்தம் என்பது ரொட்டி உடைப்பது. பெண் வீட்டில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, ஒரு வட்ட ரொட்டியைப் பிடித்து இரண்டாக உடைப்பார்கள். உடைத்தால் பேச்சு முடிந்தது. உடைக்கும் வரை ஒன்றும் முடிந்ததாகாது. எங்களுக்கு அங்கே வீடு ஏது? ஹோட்டல்தான் பெண் வீடு. அதனால்தான் அபி நகரின் புதிய பகுதியில், கண்ணாடிக் கோபுரமாக நிற்கும் ஒரு ஹோட்டலில் எங்களுக்கு அறை எடுத்துத் தந்தாள். அறை என்று சொல்வது பிழை. படுக்கையறை ஒன்று, இருந்து பேச ஒரு கூடம், இரண்டையும் சுற்றி ஊர் முழுவதும் தெரியும் கண்ணாடி.

வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தோம். வாசலில் தொப்பி போட்ட ஒருவர் கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். வரவேற்புக் கூடத்துச் சலவைக் கல்லில் என் முகம் தெரிந்தது. தலை கலைந்திருப்பதை அதில் பார்த்துத்தான் சரிசெய்தேன். மேலே தொங்கிய விளக்குச் சரத்தை என் கணவர் அண்ணாந்து பார்த்தபடியே நடந்து, ஒரு தூணோடு மோதி, அந்தத் தூணிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். சிட்னியில் இத்தனை வருடம் ரயிலில் வேலை செய்த பழக்கம்.

அறையில் எல்லாவற்றுக்கும் பொத்தான். ஒன்றை அழுத்தினால் திரை விலகியது, இன்னொன்றை அழுத்தினால் கட்டில் உயர்ந்தது. குளியலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் சுவரில்லை, கண்ணாடிதான். அதற்கும் ஒரு திரை, அதற்கும் ஒரு பொத்தான். நான் குளித்துக்கொண்டிருந்தபோது இவர் விளக்கைப் போடுவதாக நினைத்து அந்தப் பொத்தானை அழுத்தினார். பழ வட்டில் கொண்டுவந்த பெண்பிள்ளை வாசலோடு திரும்பிவிட்டது நான் செய்த புண்ணியம். அன்று முதல் சுவரில் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது என்று அவருக்குத் தடை போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலைச் சாப்பாட்டு மேசையைப் பற்றி ஒரு தனிக் கட்டுரை எழுதலாம். நடுவில் பூ முத்திரை குத்திய வட்ட ரொட்டிகள், தேன்கூட்டை அப்படியே வைத்த தட்டு, வெட்டி அடுக்கிய வெள்ளரிப்பழம் போன்ற மணமான பழம், அத்தி, திராட்சை. எனக்கு வெள்ளிக்கிழமை சைவம் என்பதால் பூசணிக்காய் வைத்துச் சுட்ட சமூசாவோடு நின்றுகொண்டேன். இவர் குதிரை இறைச்சியில் செய்த ஏதோ ஒன்றைத் தின்று, ஆட்டைவிட நல்லது என்று சான்றிதழும் கொடுத்தார். ஒரு மூலையில் நூலில் கோத்த கற்கண்டு இருந்தது. எங்கள் கற்கண்டேதான், கொஞ்சம் மஞ்சள். கலியாணப் பேச்சுக்கு வந்த இடத்தில் காலையிலேயே கற்கண்டு கண்ணில் பட்டது நல்ல சகுனம் என்று இவரிடம் சொன்னேன்.

பிறகு சுரங்க ரயிலில் சந்தைக்குப் போனோம். ஒவ்வொரு நிலையமும் ஒரு கலியாண மண்டபம் போல விளக்கும் தூணுமாக இருந்தது. இவர் தூண்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் இரண்டு ரயிலை விட்டோம். சிட்னியில் ஒரு ரயில் தவறினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே ஓர் இளம்பெண் எழும்பி எனக்கு இடம் தந்துவிட்டு, என் சேலையின் கரையைக் காட்டி ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில் சொன்னார், உங்கள் பட்டு அழகாக இருக்கிறதாம், இதை யார் நெய்தார்கள் என்று கேட்கிறாளாம். அந்த நாள் முழுவதும் நான் கொஞ்சம் உயரமாக நடந்தேன்.

பின்னேரம் ஜசூரின் தாய் தகப்பன் எங்களைப் பார்க்க வந்தார்கள். அபியும் ஜசூரும் அடுத்த நாள்தான் மெல்பேணிலிருந்து வருவதாக இருந்தது. பிள்ளைகள் வரும் வரை காத்திராமல், தூர தேசத்திலிருந்து வந்தவர்களை உடனேயே கண்டு சுகம் விசாரிக்க வேண்டும் என்று வந்த மனிதர்கள். தகப்பன் ருஸ்தம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர். தாய் தில்பார், என் வயது. கழுத்தில் பூப்போட்ட சால்வை, கையில் சுடச்சுட ரொட்டி.

ஹோட்டலில் சொன்னால் வெள்ளித் தட்டில் எல்லாம் கொண்டுவந்து வைப்பார்கள். நான் விடவில்லை. பெண் வீடு என்றால் பெண்ணின் தாய்தான் பரிமாற வேண்டும். அறையிலிருந்த கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, கொண்டுபோன தேயிலையைச் சாயம் இறங்க விட்டு, பால்மா கரைத்து, நல்ல கடும் தேத்தண்ணீர் போட்டேன். முறுக்கும் பயத்தம் பணியாரமும் எடுத்து வைத்தேன். அலுமாரியில் இருந்த கோப்பைகள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பிடி இல்லாத சின்னக் கிண்ணங்கள். பியாலா என்கிறார்கள். அதில் எவ்வளவுதான் ஊற்றலாம்? விளிம்பு வரை ஊற்றினேன்.

தில்பார் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். சால்வைத் தலைப்பால் கிண்ணத்தைப் பிடித்து ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்தார். தொலைபேசியில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலியில் அவர்கள் பேச, அது ஆங்கிலமாக்கிச் சொன்னது. “உங்கள் பயணம் சுகமாக இருந்ததா? எங்கள் மகனை நீங்கள் பிள்ளை போலப் பார்ப்பதாக அறிந்தோம்.” நானும் பேசினேன், அது ஏதோ சொன்னது. கிண்ணம் பாதியானதும் மறுபடி நிரப்பினேன். ருஸ்தம் கையால் மறைக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்வதுதானே மரியாதைக்காரர் வழக்கம்! நான் விடுவேனா, அதையும் விளிம்பு வரை நிரப்பினேன். அதைக் குடித்து முடித்ததும் இருவரும் எழும்பிவிட்டார்கள்.

கதவு வரை போய் வழியனுப்பினேன். தில்பார் என் கையைப் பிடித்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருடமாக ஒரு பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் இருப்பவள் நான். உள்ளே வருபவருக்குப் பல்லில் வலியா, பயத்தில் வலியா என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன். அன்றைக்கு அந்த முகம் எனக்கு விளங்கவில்லை. இருந்து அலட்டாமல் நேரத்தோடு போகிறார்களே, எவ்வளவு இங்கிதம் என்று இவரிடம் புகழ்ந்துகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை அபி வந்தாள். ஜசூரை விமான நிலையத்தில் தகப்பன் வந்து அழைத்துப் போய்விட்டாராம். அவள் பெட்டியை வைத்துவிட்டு ஜன்னலோரம் நின்று தொலைபேசியைப் பார்த்தாள். ஜசூரின் செய்தி வந்திருந்தது. பிறகு திரும்பினாள், கண் கலங்கியிருந்தது.

“அம்மா, ஜசூரிட அம்மா இரவு முழுக்க அழுதவவாம். நாளைக்கு ரொட்டி உடைக்க வரமாட்டினமாம். நீங்கள் அவையை எழும்பிப் போகச் சொன்னனீங்களாம்.”

எனக்கு எந்த அவமானமும் முதலில் கோபமாகத்தான் வரும். “நானோ? நானோ போகச் சொன்னனான்?” என்றேன். முறுக்குக் கொடுத்ததைச் சொன்னேன், பணியாரம் கொடுத்ததைச் சொன்னேன். எங்கள் நிறம் பிடிக்கவில்லைப் போல, சமயம் பிடிக்கவில்லைப் போல, அதை நேரே சொல்ல வக்கில்லாமல் என்மேல் பழி போடுகிறார்கள் என்றேன். என் பிள்ளையை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார் என்றும் கேட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு தில்பார் கொண்டுவந்த ரொட்டிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிட்கம் அக்காவின் முகம் என் கண் முன்னே வந்து வந்து போனது.

நான் முடித்த பிறகு அபி மெதுவாகக் கேட்டாள்.

“தேத்தண்ணி ஆர் ஊத்தினது?”

“நான்தான். வேற ஆர்?”

“எவ்வளவு ஊத்தினனீங்கள்?”

“இதென்ன கேள்வி. எப்பவும் போல நிறையத்தான்.”

அபி கதிரையில் பொத்தென்று இருந்தாள். பிறகுதான் சொன்னாள். அந்த ஊரில் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். குறைய ஊற்றினால் அடிக்கடி ஊற்ற வேண்டும், அடிக்கடி ஊற்றினால் வந்தவர் கனநேரம் இருப்பார். அது மரியாதை. நிரப்பிக் கொடுத்தால், இதைக் குடித்துவிட்டுப் புறப்படு என்று அர்த்தம். ஹோட்டல்காரர்கள் பரிமாறுவார்கள் என்று நினைத்து அவள் எனக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். நான் ஒரு முறைக்கு இரண்டு முறை, கையால் மறைத்தபோதும் விடாமல், என் சம்பந்திகளை வெளியே போகச் சொல்லியிருக்கிறேன். டூங்கபியில் ஜசூர் ஏன் எழும்பி ஓடினான் என்பதும் அப்போதுதான் விளங்கியது. பாவம், அதற்குப் பிறகும் என் பிள்ளையை விடாமல் வந்திருக்கிறான்.

அபி ஜசூரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள். நான் அதை வாங்கி வைத்துவிட்டேன். “நான் கையால செய்த பிழை. வாயால தீர்க்கேலாது. வெளிக்கிடுங்கோ, நேர போவம்” என்றேன். வெட்கமாக இருந்தது, உண்மைதான். ஆனாலும் குனிந்து போகவில்லை. மெரூன் காஞ்சிபுரத்தை உடுத்துக்கொண்டு போனேன்.

ஹோட்டல் வாசலில் வாடகைக் காருக்குச் சொல்லியிருந்தோம். அந்த ஊரில் கார் எல்லாம் வெள்ளை. வாசலில் நின்ற வெள்ளைக் காரில் ஏறி இருந்து, விலாசத்தைக் காட்டினோம். ஓட்டுபவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார், பிறகு தோளைக் குலுக்கிவிட்டுக் காரை எடுத்தார். கொஞ்சத் தூரம் போன பிறகு அவருக்கு ஓர் அழைப்பு வந்தது. மறுமுனையில் ஒரு பெண் கத்துவது பின்னால் இருந்த எங்களுக்கே கேட்டது. அவர் வாடகைக் கார்க்காரர் இல்லையாம், மனைவியை ஏற்றிப்போக வந்து காத்து நின்றவராம். இறங்குகிறோம் என்று அபி கெஞ்சினாள். அவர் என் சேலையைக் காட்டிக் கேட்டார், கலியாண வீட்டுக்கா என்று. ஓம் என்று நான் தலையாட்டினேன். அப்படியென்றால் மனைவி காத்திருப்பாள் என்று சொல்லி, வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் விட்டார்.

அது பழைய மாடிக் குடியிருப்பு. சுவரில் வண்ணக் கல் பதித்துப் பூ வேலை, கீழே திராட்சைப் பந்தல். ஹோட்டலின் சலவைக் கல்லும் விளக்கும் இங்கே இல்லை. ஆனால் படிக்கட்டில் கால் வைத்ததுமே ரொட்டி சுடும் மணம் வந்தது. கதவைத் திறந்த ஜசூர் எங்களைக் கண்டதும் விலகி வழிவிட்டான். ருஸ்தம் கையை நெஞ்சில் வைத்தார். தாழ்ந்த மேசையைச் சுற்றி இருந்தோம். தில்பார் தேத்தண்ணீர்ப் போச்சியோடு குசினியிலிருந்து வந்தார், முகம் வீங்கியிருந்தது.

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் என் முன் ஒரு கிண்ணத்தை வைத்தார். ஊற்றத் தொடங்கினார். பாதி வந்தது. நிறுத்தவில்லை. முக்கால் வந்தது. நிறுத்தவில்லை. விளிம்பு வரை ஊற்றி, அதற்கு மேலும் ஒரு சொட்டு விட்டார்.

அபியின் கை என் முழங்காலை இறுக்கிப் பிடித்தது. சரி, முடிந்தது. போகச் சொல்லியாயிற்று, அதுவும் என் பிள்ளையின் முன்னால். ஆனாலும் யாரும் தள்ளி நான் போனதில்லை, போவதானால் நானாகவே நிமிர்ந்து போவேன். சேலைத் தலைப்பை எடுத்துச் சொருகிக்கொண்டு எழும்பினேன்.

தில்பார் என் தோளை இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார்.

“இருங்கோ” என்றார்.

தமிழில்தான் சொன்னார். ஜசூர் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டுக்கொண்டு, அபிக்கு ஆங்கிலத்தில் எல்லாம் சொன்னான். தகப்பன் காரில் சொன்னதை அப்படியே அபிக்கு எழுதிவிட்டானாம், வீட்டுக்கு வந்து தாயிடம் தேத்தண்ணீர்க் கதையைக் கேட்ட பிறகுதான் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். “அபியின் அம்மா என்னையும் இப்படித்தான் முதல் நாளே துரத்தினார், அது அவர்கள் வீட்டில் கொடுக்கும் மிகப் பெரிய மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது” என்றானாம். ஹோட்டலுக்கு வந்து எங்களைப் பார்க்க அவர்களும் புறப்பட்டுக்கொண்டிருந்தார்களாம். எங்களுக்கு எங்கள் முறைப்படியே ஊற்ற வேண்டும் என்று தில்பார் சொன்னாராம். நிறைய ஊற்றினாலும் போகச் சொல்லவில்லை என்று எங்களுக்கு விளங்க வேண்டுமே, அதற்காக மகனிடம் ஒரு தமிழ்ச் சொல்லும் கேட்டுப் பழகியிருக்கிறார்.

எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவில்லை. போச்சியை அவர் கையிலிருந்து வாங்கி, அவருடைய கிண்ணத்தில் ஊற்றினேன். கை பழக்கத்தில் மேலே மேலே போகப் பார்த்தது. பாதியில் நிறுத்தினேன். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கிண்ணத்தைத் தூக்க முடியாமல் விரல் சுட்டது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அவர்கள் பாஷையில் சம்பந்திக்கு ஒரு சொல் இருக்கிறது, குதா. ஆங்கிலத்தில் இந்த உறவுக்குச் சொல்லே கிடையாது. இத்தனை வருடம் ஆஸ்திரேலியாவில் இருந்து, தில்பார் எனக்கு என்ன முறை என்று ஒரு வெள்ளைக்காரருக்கு ஒரே சொல்லில் சொல்ல என்னால் முடியாது. தாஷ்கண்டில் முதல் நாளிலேயே சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் வீட்டுக்கு வந்தார்கள். தொப்பிக்காரர் கதவைத் திறந்து, அன்றைக்கு ஆழமாகவே குனிந்தார். கண்ணாடிக்கு வெளியே ஊர் முழுவதும் வெயிலில் கிடந்தது. மேசையில் கற்கண்டும் முறுக்கும். ருஸ்தமும் இவரும் ஒரே ரொட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடைத்தார்கள். இவர் பதற்றத்தில் ஏதோ பொத்தானில் சாய்ந்துவிட, நல்ல நேரத்தில் குளியலறைத் திரை மேலே போனது. நேர்த்தியாகக் காய்ந்துகொண்டிருந்த என் உடுப்புகளைச் சம்பந்திகள் எல்லாரும் பார்த்தார்கள். அபி சிரித்த சிரிப்பைப் பார்த்து, லிட்கம் அக்காவுக்கு இந்த முகத்தைத்தான் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்தேன். அனுப்பினேன். கீழே ஒரு வரியும் எழுதவில்லை.

பேசிப் பேசிப் பின்னேரமாயிற்று. நான் பாதி பாதியாக ஊற்றிக்கொண்டே இருந்தேன், அவர்களும் குடித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே ஒவ்வொரு கோபுரமாக விளக்கு எரியத் தொடங்கியது. ருஸ்தம் கடிகாரத்தைப் பார்த்தார். தில்பார் தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி, நிரப்பு என்று விரலால் விளிம்பைக் காட்டினார். போகும் நேரமாயிற்று, தங்கள் வழக்கப்படி நிறைய ஊற்றி வழியனுப்பு என்று அர்த்தம். சொல்லாமலே எனக்கு விளங்கியது.

போச்சியை எடுத்தேன். பாதிதான் ஊற்றினேன்.

“இருங்கோ” என்றேன்.